ஆறாம் அதிகாரம்: எந்த மைதானம் நமக்கு உகந்தது?

தருமபுரி மாவட்டத்துக்குள் பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இல்லாமையால், இங்கே குடியிருந்துகொண்டு இந்த ஆட்டத்தில் மனம் வைத்தவர், வடக்கே கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கோ பெங்களூருக்கோ, தெற்கே தொப்பூர்க் கணவாயைக் கடந்து சேலம் வழியாக நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ, கோழி கூவும் வேளையில் வண்டியேறித்தான் ஆகவேண்டும். இது பெரிய அசௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதிலே ஓர் அநுகூலமும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மைதானம் அமைந்து, ஆயுள் முழுவதும் அதிலேயே ஆடி முடிக்கிறவருக்கு அந்த ஒரு நிலத்தின் குணமே கோல்ஃபின் குணம் என்று தோன்றிவிடுகிறது. பல ஊர்களுக்குப் போய் ஆடவேண்டியவருக்கோ, ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்னாலும் எங்கே போவது, ஏன் போவது என்ற கேள்வி எழுந்து, தம்முடைய ருசி இன்னதென்று தமக்குத் தாமே விசாரித்துக்கொள்ளும் சந்தர்ப்பம் வாய்க்கிறது. முந்தைய அதிகாரங்களில் பிடியையும் நிலையையும் வீச்சையும் பற்றிப் பேசினோம். ருசியைப் பற்றிய இந்த விசாரணைக்குத் துணையாகும் விஷயங்களை இங்கே சொல்லுகிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு மைதானத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியைப் பார்க்கிறவர் கண்ணில், சருகு ஒன்றுகூட இல்லாத பச்சைப் புல்லும், வெள்ளை வெளேரென்ற மணலும், அசைவற்ற குளமும் அப்படியே நிலைத்துவிடுகின்றன. அதே ஏப்ரலில் பாலக்கோட்டுக் காடுகளில் செம்புழுதி எழும்பிக்கொண்டிருப்பதையும் பார்க்கிற அவர், நல்ல மைதானம் என்றால் அதுதான் என்று முடிவு கட்டி, பிறகு எங்கே போனாலும் பசுமை ஒன்றையே அளவுகோலாக வைத்துத் தராதரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அகஸ்டாவை உருவாக்கியவர்களுடைய உத்தேசமே வேறாக இருந்ததென்பதை அவருக்கு யாரும் சொல்லுவதில்லை.

அந்த உத்தேசம் பிறந்த வரலாறு, ருசி எப்படி வளருகிறது என்பதற்கே சிறந்த திருஷ்டாந்தம். பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1921-இல், தமது பத்தொன்பதாவது வயதில், ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஓபன் போட்டி ஆடினார். கடற்கரை மணல்மேட்டில், மனிதர் கை அதிகம் படாமல், காற்றும் ஆடுகளும் செதுக்கிய நிலம் அது. அதன் மேடுபள்ளங்களில் நேராக அடித்த பந்தும் எங்கேயோ உருண்டு போகும். மூன்றாவது சுற்றில் பதினோராவது குழியில் பந்து மணற்பள்ளத்தில் சிக்கி வெளியே வர மறுக்கவே, மனம் வெறுத்து ஆட்டத்தைவிட்டே அவர் விலகிக்கொண்டார். அப்படி வெறுத்தவர் பின்னால் திரும்பி வந்து, அந்த நிலத்தைப் பொறுமையுடன் கற்று, 1927-இல் அங்கேயே ஓபன் பட்டத்தையும் 1930-இல் அங்கேயே பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். அதற்குமேல் மைதானம் என்றால் அவருக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ்தான். வைத்தியராயிருந்து மைதானச் சிற்பியாக மாறிய அலிஸ்டர் மெக்கென்ஸியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1933-இல் திறந்த அகஸ்டாவில், அந்தக் கடற்கரை நிலத்தின் தத்துவத்தையே உள்நாட்டு மண்ணில் நாட்டினார். தாராளமான அகலமுள்ள ஃபேர்வே என்னும் புல்வழி, பங்கர் என்னும் மணற்பள்ளங்கள் மொத்தத்தில் இருபத்திரண்டே, குழி அமைந்த கிரீனை எந்தப் பக்கமிருந்து அணுகுகிறோம் என்பதைப் பொறுத்து எளிதாகவும் கடினமாகவும் மாறும் சரிவுகள்: இவையே அவர்கள் கருதிய அழகு. பச்சை நிறம் அதற்குப் பிற்பாடு, செல்வம் பெருகப் பெருக வந்து சேர்ந்த அலங்காரம்.

ஆகையால் ஒரு மைதானத்தைப் பார்க்கும்போது நிறத்தை ஒதுக்கிவிட்டு, அது நம்மை என்ன கேட்கிறது என்று பார்க்கவேண்டும். கேட்கும் விதத்தைக் கொண்டு மைதானச் சிற்பிகள் மூன்று மரபுகளை வகுத்திருக்கிறார்கள். தண்டனை மரபு, யுக்தி மரபு, சாகச மரபு என்று அவற்றை நாம் அழைக்கலாம்.

தண்டனை மரபில் வழி ஒன்றே ஒன்றுதான். அதிலே போனால் பிழைத்தோம். தவறினால் பள்ளமோ நீரோ புதரோ நம்மை விழுங்கிவிடும். இதன் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர், ஃப்ளோரிடாவில் பீட் டை அமைத்து 1980-இல் திறந்த சாகிராஸ் மைதானத்தின் பதினேழாவது குழியை நினைத்துக்கொள்ளலாம். தூரம் 140 கஜத்துக்கும் குறைவு. ஆனால் கிரீன் முழுவதும் நீர் சூழ்ந்த தீவு. பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லை, குட்டையாக அடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விருந்து. ஆடுகிறவர் கைதேர்ந்தவரானால் அவருக்கும் ஒரு கிளர்ச்சி உண்டு. ஆனால் ஆட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் இப்படிப்பட்ட குழிகள் பலவற்றைக் கொண்ட மைதானத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தால், பை நிறையக் கொண்டுபோன பந்துகளைத் தொலைத்து, கூட வந்தவர்களைக் காக்கவைத்த கூச்சமும் சேர்ந்து, அடுத்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார். அப்படி இந்த ஆட்டத்தைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். அவர்களுக்குச் சாமர்த்தியம் குறைவு என்று ஒருநாளும் நான் கருதியதில்லை, இடம் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம்.

யுக்தி மரபு இதற்கு நேர் எதிரானது. அதிலே வழிகள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸின் பதினான்காவது குழியை எடுத்துக்கொள்வோம். ஐந்து அடிகளில் முடிக்கவேண்டிய நீண்ட குழி. வலப்பக்கம் கல்சுவர், அதைத் தாண்டினால் பந்து எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் சிறு பங்கர்களின் கூட்டம். இரண்டுக்கும் நடுவே பந்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், போகவேண்டிய நேர்வழியின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமுள்ள ஒரு மாபெரும் மணற்குழி. அதற்கு நரகம் என்றே பெயர். அதன் தலைக்கு மேலே பறக்கவைக்கலாம். அதற்கு முன்னாலேயே அடக்கி நிறுத்தலாம். அல்லது இடப்பக்கம் ஒதுங்கி, எதிர்த்திசையில் வருகிற ஐந்தாவது குழியின் ஃபேர்வேயிலே பந்தைப் போட்டு, கோணம் மாறினாலும் பயமில்லாமல் மேலே செல்லலாம். மூன்றும் நியாயமான வழிகள். காற்று திரும்பினால் நேற்றைக்குச் சரியாயிருந்தது இன்றைக்குப் பிழையாகிவிடும். இந்த மைதானத்தில் பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும், பெரிய பட்டம் வென்றவர்களும் கத்துக்குட்டிகளும் ஒரே நாளில், ஒரே நிலத்தில் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர் ஜனங்கள் குழந்தைகளுடன் உலாவ அதையே பூங்காவாக விட்டுவிடுகிறார்கள்.

சாகச மரபு இரண்டுக்கும் இடைப்பட்டது. அகஸ்டாவின் பதின்மூன்றாவது குழியில் ஓடை ஒன்று இடப்பக்கமாகவே ஓடிவந்து, கடைசியில் கிரீனுக்கு முன்னால் குறுக்கே திரும்புகிறது. ஓடையை ஒட்டி அடிக்கத் துணிந்தவர் இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்ட முயலலாம். துணியாதவர் வலப்பக்கம் அகலமான இடத்தில் போட்டு மூன்றாவது அடியில் எட்டலாம். வெகுமதியும் அபாயமும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன, ஆனால் துணியும்படி யாரும் நிர்ப்பந்திக்கவில்லை.

இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்டால் தயக்கமின்றி யுக்தி மரபையே சொல்லுவேன். பலத்துக்கு வயது உண்டு. யுக்திக்கு அது கிடையாது. முப்பது வயதில் நீரைத் தாண்டிப் பறக்கவிட்டவர் அறுபதிலே அதே இடத்தில் நீருக்குப் பக்கத்து வழியைத் தேடுகிறார். வழி இருக்கும் மைதானத்தில் அவருக்கு இன்னும் இருபது ஆண்டு ஆட்டம் பாக்கி இருக்கிறது. தகப்பனும் மகளும் பேரனும் ஒன்றாக ஆடக்கூடிய ஆட்டம் உலகத்தில் வெகு சில. கோல்ஃப் அவற்றுள் ஒன்றாக இருப்பதும் இல்லாமற்போவதும் மைதானத்தை வகுத்தவர் கையில் இருக்கிறது.

சரி, அச்சிட்ட விளம்பரத்தைப் பார்த்தோ நண்பர் சொல்லைக் கேட்டோ ஒரு மைதானத்துக்குப் போகப்போகிறோம். அது எப்படிப்பட்டதென்று முன்கூட்டியே அறிவதற்கு என்ன செய்வது?

முதலில் அதன் ஸ்கோர் கார்டை வரவழைத்துப் பாருங்கள். அதிலே, முதல் அடி அடிக்கும் இடமாகிய ஒவ்வொரு டீக்கும் மொத்த தூரமும், கோர்ஸ் ரேட்டிங் என்ற ஓர் எண்ணும், ஸ்லோப் என்ற இன்னோர் எண்ணும் இருக்கும். முன்னது, பார் என்னும் நிர்ணயித்த அடிக்கணக்குக்குச் சமமாக ஆடும் நிபுணர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்பதைக் குறிப்பது. பின்னது, அந்த நிபுணரைக் காட்டிலும் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த இடம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைச் சொல்வது. ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகலாம்; நடுநிலை 113. ஒரு மைதானத்தின் ஸ்லோப் 135-ஐத் தாண்டியிருந்தால், தவறான அடியை அது எளிதில் மன்னிக்காதென்று பொருள் கொள்ளலாம். பெருமைக்காக அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகள் 120-க்குள் இருப்பதில் ஆடுங்கள் என்பது என் யோசனை.

இரண்டாவது, நமக்குரிய டீயைத் தெரிந்தெடுப்பது. கோல்ஃபில் வருகிற மனக்கசப்பில் பாதி, தகுதிக்கு மீறிப் பின்னால் உள்ள டீயிலிருந்து ஆடுவதால் வருவது. இதற்கு ஆட்டக்காரர்களிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: உங்கள் ஐந்தாம் எண் அயர்ன் சராசரியாக எத்தனை கஜம் போகிறதோ அதை 36-ஆல் பெருக்கினால் உங்களுக்கு உகந்த மைதான நீளம் கிடைக்கும். 140 கஜம் அடிக்கிறவருக்கு 5,040 கஜம். அவர் 6,500 கஜ டீயில் நின்றுகொண்டு ஆடினால் எந்தச் சிற்பியின் யுக்தியும் அவர் கண்ணில் படப்போவதில்லை; எல்லாக் குழியிலும் எட்டாத தூரத்திலிருந்து ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருப்பார். முன்னால் உள்ள டீக்குச் சிலர் பெண்கள் டீ என்று பெயர் வைத்துக்கொண்டு அங்கே நிற்க வெட்கப்படுகிறார்கள். அது தூரத்தைக் குறிக்கும் அடையாளமே தவிர ஆளைக் குறிப்பதன்று. வயதானவரும் சிறுவரும் புதியவரும் கூச்சமின்றி அங்கிருந்தே தொடங்கவேண்டும். அந்த டீயிலிருந்தும் நூறு கஜ நீரைப் பறந்து தாண்டித்தான் ஆகவேண்டுமென்று ஏதாவது ஒரு குழி இருக்குமானால், அந்த மைதானத்தை வகுத்தவர் நம்மை நினைத்து வகுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, நடை. ஒரு கிரீனை முடித்துவிட்டு அடுத்த டீக்குப் போக எத்தனை நேரம் ஆகிறதென்று, பை சுமந்து வரும் கேடியைக் கேளுங்கள். அவரைவிட நன்றாக அந்த நிலத்தை அறிந்தவர் யாரும் இல்லை. பழைய மைதானங்களில் கிரீனுக்கு அருகிலேயே அடுத்த டீ இருக்கும். வீடுகளை விற்பதற்காக இடையிடையே மனைகளை நெருக்கி வகுத்த மைதானங்களில், மின்சார வண்டி இல்லாமல் அடுத்த டீக்குப் போவதே சிரமம். பதினெட்டுக் குழிகளையும் முடிக்க எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் நடக்கவேண்டியிருக்கும். அந்த நடையின்போதுதான் நிலத்தின் சரிவு காலுக்குத் தெரிகிறது, அடுத்த அடியைப் பற்றிய சிந்தனை உருவாகிறது. நடந்து ஆடக்கூடிய மைதானத்தையே நான் எப்போதும் முதலில் சிபாரிசு செய்வேன்.

இனி, தருமபுரியிலிருந்து போய் வரக்கூடிய இடங்களைப் பார்ப்போம். மிக அருகில் இருப்பது ஓசூர்–தளி சாலையில் உள்ள கிளோவர் கிரீன்ஸ். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் அந்த மண்ணெல்லாம் தருமபுரி மாவட்டமே. விடுதியோடு சேர்ந்த இடமாகையால், முன்பதிவு செய்துகொண்டு குடும்பத்தோடு போகத் தக்கது. பெங்களூரில் இரண்டு மைதானங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஆடிப்பார்க்கும் பாக்கியம் கிடைத்தால், இந்த அதிகாரத்தில் சொன்னதெல்லாம் கையில் பிடித்ததுபோல் விளங்கும். 1876-இல் ஏற்பட்ட பெங்களூர் கோல்ஃப் கிளப்பின் மைதானம் நகரத்தின் நெஞ்சுக்குள் குறுகிய நிலத்தில் அடங்கியது. தூரம் கொஞ்சம், ஆனால் மரங்கள் நெருங்கி நிற்பதால் டிரைவர் என்னும் நீண்ட மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, பந்து எங்கே நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு டீயிலும் நிதானிக்கவேண்டும். சல்லகட்டாவில் உள்ள கர்நாடக கோல்ஃப் சங்கத்து மைதானமோ விசாலமானது, நீர் பல குழிகளில் குறுக்கிடுவது. அதை வகுத்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்ஸன். ஐந்து முறை ஓபன் பட்டம் வென்றவர், அவற்றுள் 1955-ஆம் ஆண்டுப் பட்டம் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெற்றது. 1964-இல் இந்தியன் ஓபன் தொடங்கியபோது முதல் பட்டமும் அவருடையதே. பந்தைத் தரையோடு ஓடவிடுவதில் அவருக்கிருந்த காதல் பிரசித்தம். இரண்டு இடங்களும் அங்கத்தினர்களுக்கே உரியவை; அங்கத்தினர் ஒருவரின் அழைப்பு வேண்டியிருக்கும், ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழும் கேட்கலாம். புறப்படுவதற்கு முன்னால் தொலைபேசியில் விசாரித்துவிடுவது நல்லது.

உதகமண்டலத்து ஜிம்கானா மைதானம் தனிப்பட்ட ஓர் அனுபவம். மரமில்லாத புல்மேடுகள் அலையலையாகப் போகின்றன. ஃபேர்வேயின் இருமருங்கிலும், ஆங்கிலேயர் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட கார்ஸ் என்னும் முட்புதர் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கிறது. அதற்குள் போன பந்தைக் கையை விட்டு எடுக்க முயல வேண்டாம். முள் ஊசிபோல் ஏறும். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால், பந்து நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் அதிகத் தூரம் பறக்கிறது. தருமபுரியில் 150 கஜம் போகும் அடி அங்கே 160-ஐ எட்டுவதை முதல் சில குழிகளிலேயே உணர்ந்து, ஓர் எண் கூடிய, அதாவது தூரம் குறைந்த மட்டையை எடுக்கவேண்டும். பெங்களூரிலும் இது உண்டு, ஆனால் மூன்று நான்கு பங்குக்கு மேல் இராது. 1895-இல் ஏற்பட்ட கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் ஃபேர்வேயில் மேய்வதைக் காணலாம்; அவை விலகும்வரை காத்திருப்பதே மரியாதையும் ஜாக்கிரதையும். சென்னையில் நந்தனத்துக் காஸ்மாபாலிட்டன் கிளப் மைதானம் சமதளம், மரநிழல், கடற்காற்று. மேடுபள்ளத்தில் நிலை தடுமாறுகிறவர்கள் தங்கள் வீச்சைச் சீர்படுத்திக்கொள்ள அது ஏற்றது.

இவையெல்லாம் போய் வரும் இடங்கள். நம்முடைய மண்ணிலேயே ஆடவேண்டுமென்றால் எப்படிப்பட்ட மைதானம் பொருந்தும் என்ற கேள்விக்கு இனி வருவோம். நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

பதில் முழுவதும் தண்ணீரில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு முன்பின். அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் நோயும் தலைமுறை தலைமுறையாக வாட்டியதால்தான், ஜப்பானிய உதவியோடு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பூமியில் அகஸ்டாவின் பசுமையை விரும்புகிறவர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க 10,000 லிட்டர் வேண்டும். பதினெட்டுக் குழி மைதானத்தில் 24 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 60 ஏக்கருக்கு, கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் பாய்ச்சினால் 12 லட்சம் லிட்டர் ஆகிறது. கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அரசாங்கம் வகுத்த அளவு; அந்த அளவின்படி இருபத்தோராயிரம் பேருக்கு மேல் குடிக்கவும் குளிக்கவும் போதுமான நீர் அது. பென்னாகரத்துப் பெண்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கையில் நான் அந்தப் புல்லின் மேல் நின்று ஆடமாட்டேன். கிரீனுக்கும் டீக்கும் மட்டும், இரண்டு ஹெக்டேருக்கு, நீர் விட்டால் கணக்கு ஒரு லட்சம் லிட்டராகச் சுருங்குகிறது. கிரீனையும் மணலாக்கிவிட்டால் அதிலும் பெரும்பங்கு குறைந்துவிடும்.

மணற்கிரீன் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பிரவுன் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த அமைப்பில்தான் இந்தியாவின் வறண்ட ஊர்களில் முற்காலத்தில் பெரும்பாலும் ஆடினார்கள். இன்றும் சில இடங்களில் ஆடுகிறார்கள். பதினைந்து மீட்டர் விட்டமுள்ள வட்டம். சலித்த மணலைப் பரப்பிச் சமன் செய்து, நடுவில் நாலேகால் அங்குலக் குழி. பந்து வட்டத்துக்குள் வந்ததும் கேடி, நீண்ட கைப்பிடி போட்ட பலகையையோ சாக்கையோ குழியிலிருந்து பந்து வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து, காலடித் தடங்களை அழித்துப் பாதை போடுகிறார். அந்தப் பாதையில் பந்து மெதுவாக, சரசரவென்ற சத்தத்தோடு, ஏறக்குறைய நேராகவே ஓடும். புற்கிரீனில் இருப்பதுபோல் வளைவைக் கணிக்கும் வித்தை இங்கே குறைவு, வேகத்தைக் கணிக்கும் வித்தையே எல்லாம். உயரத்திலிருந்து விழும் பந்து மணலில் புதைந்துகொள்ளுமாகையால், வட்டத்துக்கு இருபது கஜத்துக்கு முன்னாலேயே கெட்டித் தரையில் பந்தை இறக்கி ஓடவிட்டு உள்ளே கொண்டுவரக் கற்கவேண்டும். தாம்ஸன் உலகத்தை வென்றதும் இப்படித் தரையோடு பந்தை ஓடவிடும் வித்தையால்தான். மணல் பறக்காமலிருக்கப் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலப்பது பல இடங்களில் வழக்கம். கிணற்றுக்கும் ஓடைக்கும் அது கேடு விளைவிக்குமாகையால் நம் ஊரில் அதைச் செய்யவே கூடாது. விடியற்காலையில் லேசாக நீர் தெளித்து உருளை ஓட்டினாலே ஒரு சுற்று ஆட்டத்துக்குப் போதும்.

ஃபேர்வேக்குப் புல் எதற்கு, எங்கிருந்து என்று மயங்கவும் வேண்டாம். ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் க்ளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, 1950-களிலும் 1960-களிலும் உலகத்து வெப்ப நாட்டு மைதானங்களுக்கெல்லாம் உதவிய புல்வகைகளை உண்டாக்கியபோது, தாயும் தந்தையுமாகச் சேர்த்த இரண்டு புல்லில் ஒன்று நம் வரப்பில் தானாக முளைக்கும் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான். மழைக்குத் துளிர்த்து, கோடையில் மேலே காய்ந்து வேரில் உயிரை வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்குத் திரும்பவும் துளிர்ப்பது அதன் சுபாவம். காய்ந்த பழுப்பு நிறத்தில் அது கிடக்கும் மாதங்களில், செம்மண்ணும் அதன் கீழ்ச் சரளையும் இறுகி, விழுந்த பந்து துள்ளி முப்பது கஜம் ஓடும். அந்த ஓட்டத்துக்கு இடம் கொடுக்க ஃபேர்வே அகலமாக இருக்கவேண்டும். ஐம்பது கஜத்துக்குக் குறைந்தால் எல்லாப் பந்தும் வேலமரத்தடியில்தான் முடியும். பங்கர் வெட்டவேண்டிய அவசியமே இல்லை. நம் நிலங்களில் மழைநீர் அறுத்த ஓடைகளும், பாறை முண்டுகளும், சீத்தாப் புதர்களும், பழைய வரப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நிரவித் தள்ளும் இயந்திரத்துக்குச் செலவிடுவதற்குப் பதிலாக, அவற்றுக்கு எந்தப் பக்கம் கிரீனை வைத்தால் இரண்டு வழி கிடைக்கும் என்று நடந்து பார்ப்பதே முதல் வேலை. ஓடைக்கு அப்பால் கோணலாகக் கிரீனை வைத்தால், துணிந்தவர் ஓடையைத் தாண்டி நேரே அடிப்பார். மற்றவர் ஓடை குறுகும் பக்கமாகச் சுற்றிப் போவார்.

பதினெட்டுக் குழி வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். பன்னிரண்டு முதல் பதினைந்து ஏக்கர் மேட்டுநிலத்தில், 90-இலிருந்து 180 கஜம் வரை வெவ்வேறு தூரமுள்ள ஆறு குழிகளை வகுத்தால், மூன்று முறை சுற்றிப் பதினெட்டு ஆடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு டீயிலிருந்து தொடங்கினால் அதே குழி வேறு குழியாகும். மூன்று தூரத்தில் டீக்களைப் போடுங்கள், கடைசி டீ பத்து வயதுப் பிள்ளைக்காக. புளியமரங்களை வெட்டாதீர்கள், டீக்குப் பக்கத்தில் ஒன்றாவது நிழலுக்கு இருக்கும்படி டீயை நகர்த்திக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் வேலை செய்கிறவர்களை நோக்கி எந்தக் குழியும் பார்க்கக் கூடாது. வலது கைக்காரரின் தவறான அடி பெரும்பாலும் வலப்பக்கம் சாயுமாகையால், எல்லையை இடப்பக்கமாக வைத்துச் சுற்றுவது உத்தமம். வெயில் ஏறுமுன் ஆறு மணிக்கே ஆட்டம் தொடங்கவேண்டிய ஊர் இது. முதல் இரண்டு குழிகளும் கிழக்கு நோக்கி இருந்தால், எழும் சூரியன் கண்ணைக் கூசச் செய்து பந்து போன இடமே தெரியாது. ஆகவே முதல் டீயை நிலத்தின் கீழ்த்திசை ஓரத்தில், மேற்கு நோக்கிப் போடுங்கள்.